எருமை அல்ல, ஆமான்! - மலையில் நடப்போருக்கு ஒரு பாடம்



கோடை விடுமுறை வந்தால் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் பல நீலகிரிக்குப் புறப்படுவது வழக்கம். முன்பெல்லாம் ஊட்டி ஏரியில் படகு, தாவரவியல் பூங்காவில் ஒரு புகைப்படம், கடைவீதியில் வர்க்கி, தைலம் என்று வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம். இப்போது பிள்ளைகள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு காட்டோரம் நடக்கவேண்டும் என்கிறார்கள். நல்ல விருப்பம்தான். ஆனால் அந்த நடைக்கும் ஒரு படிப்பு உண்டு.

நான் விலங்கியல் படித்தவன் அல்லன். பொறியியல் டிப்ளமா பெற்று, ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருப்புப்பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தப் பாடத்தை எழுதும் தகுதி எனக்கு ஒரு பிழையினால்தான் வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சொல் செய்த பிழை

இரண்டு ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு கோத்தகிரியில் தங்கியிருந்தோம். காலை ஆறரை மணி இருக்கும். பதினொரு வயதுப் பேரனை அழைத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். பனி இன்னும் விலகவில்லை. ஒரு வளைவைத் தாண்டியதும், பாதையோரத்தில் கருத்த உருவம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது.

"தாத்தா, எருமை!" என்றான் பேரன்.

"எருமைதானே, ஒன்றும் செய்யாது. கிட்டே போய்ப் படம் எடு" என்றேன் நான். கையிலிருந்த செல்போனையும் அவனிடம் கொடுத்தேன்.

அவன் பத்தடி போயிருப்பான். அந்த விலங்கு தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு மெதுவாகத் திரும்பித் தன் பக்கவாட்டை எங்களுக்குக் காட்டி நின்றது. 'நம்மைக் கண்டு போகப் பார்க்கிறது' என்று நினைத்தேன். அப்போது மேல் வரிசையில் கொழுந்து பறிக்க வந்த ஓர் அம்மாள், உரக்கக் கத்தாமல் அடங்கிய குரலில், "ஐயா, ஓடாதீங்க. தம்பியைக் கூப்பிடுங்க. முதுகைக் காட்டாம அப்படியே பின்னாலே வாங்க" என்றார்.

நான் கூப்பிட்டேன். பையன் ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்தான். ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு வந்தான். விலங்கு ஒருமுறை காலைத் தரையில் உதைத்துப் பெருமூச்சு விட்டது. அந்த ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. பிறகு எங்களை விட்டுவிட்டு, இடுப்பளவு தேயிலைச் செடிகளைப் புல் மிதிப்பதுபோல் மிதித்துக்கொண்டு இறங்கிப் போயிற்று.

"போகத்தானேம்மா திரும்பிச்சு?" என்று அந்த அம்மாளிடம் கேட்டேன்.

"போகத் திரும்பலீங்க ஐயா. தன் உடம்பைக் காட்டுச்சு. 'நான் இவ்வளவு பெரியவன், பார்த்துக்கோ'ன்னு சொல்லுச்சு. அதுக்கும் கேக்கலேன்னாதான் முட்டும்" என்றார்.

அன்று இரவு என் மகளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. ரயில் பாதையில் என்கீழ் வேலை செய்த ஒருவரையும் கவனமின்றி நிற்கவிடாதவன், என் சொந்தப் பேரனை ஒரு டன் விலங்கின் முன்னே அனுப்பினேன். காரணம், 'எருமைதானே' என்ற ஒரே ஒரு சொல்.

பெயர்க் குழப்பம்

ஊருக்குத் திரும்பியபின் இதைப் பற்றிப் படித்தேன். நாம் 'காட்டெருமை' என்று அழைக்கும் இவ்விலங்கு எருமையே அல்ல. பசு, காளை சேர்ந்த மாட்டினத்தைச் சேர்ந்தது. எருமை வேறு இனம். உண்மையான காட்டெருமையைக் காணவேண்டுமானால் அசாமிலுள்ள காசிரங்கா போன்ற இடங்களுக்குப் போகவேண்டும். அதுதான் நம் வீட்டு எருமையின் மூதாதை.

இந்தத் தவற்றை நாம் மட்டும் செய்யவில்லை. கன்னடத்தில் 'காடுகோண', 'காடெம்மெ' என்பார்கள். கோண என்றால் எருமைக்கடா, எம்மெ என்றால் எருமை. அங்கும் அதே பிழை. வேட்டையாட வந்த வெள்ளைக்காரர்கள் இதை 'இந்தியன் பைசன்' என்றார்கள். பைசன் என்பது அமெரிக்கா, ஐரோப்பாவிலுள்ள வேறொரு விலங்கு. அமெரிக்கர்களோ தம் பைசனை 'பஃபலோ', அதாவது எருமை, என்று அழைத்தார்கள். ஆளுக்கொரு தவறான பெயர்! இன்றைய ஆங்கிலப் பெயர் 'கௌர்'.

சரியான பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர்கள். சங்க நூல்களில் இது 'ஆமா' என்றும் 'ஆமான்' என்றும் வருகிறது. ஆ என்றால் பசு, மா என்றால் விலங்கு. பசுவினத்து விலங்கு என்று பெயரிலேயே இனத்தைச் சொல்லிவிட்டார்கள். திருமுருகாற்றுப்படையில் பழமுதிர்சோலையின் அருவியைச் சொல்லுமிடத்தில் ஆமான் ஏறும் வருகிறது. இனி இக்கட்டுரையில் நானும் ஆமான் என்றே எழுதுகிறேன்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 'எருமை' என்றதும் நம் மனத்தில் என்ன தோன்றுகிறது? மழையில் அசையாமல் நிற்பது, குளத்தில் கிடப்பது, சிறுவன் முதுகில் ஏறினாலும் பேசாமலிருப்பது. மந்தமான பிள்ளையைத் திட்டவும் அந்தப் பெயரைத்தான் எடுக்கிறோம். அந்த எண்ணத்தோடு ஆமானை அணுகினால் ஆபத்து. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஆமான் முட்டி உயிரிழந்தவர்கள் உண்டு.

அடையாளம் காண்பது எப்படி?

நீலகிரியில் எருமையும் உண்டு, ஆமானும் உண்டு. ஆகவே வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது.

ஆமான்: வளர்ந்த ஆண் தோளருகே ஏறத்தாழ 6 அடி உயரம் இருக்கும்; எடை ஒரு டன்னை எட்டக்கூடும். மூத்த ஆண் கன்னங்கரேலென்றும், பெண் சற்றுச் சிறியதாய்க் கரும்பழுப்பாகவும் இருக்கும். முழங்காலுக்குக் கீழே நான்கு கால்களிலும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருக்கும். இதுவே எளிய அடையாளம். தோளிலிருந்து நடுமுதுகு வரை மேடு எழுந்து திடீரென்று முடியும். இரு பாலுக்கும் கொம்பு உண்டு. கன்று பிறக்கும்போது பொன்னிறமாக இருக்கும்.

தோடர் எருமை: சாம்பல் அல்லது வெளிர்பழுப்பு நிறம், பிறைபோல் அகன்று வளைந்த நீண்ட கொம்பு. காலில் வெள்ளைக் காலுறையும் இல்லை, முதுகில் மேடும் இல்லை. தோடர் மக்களின் வழிபாடே இந்த எருமைகளைச் சுற்றி அமைந்தது. புல்வெளியில் தாமாகவே மேய்ந்து பழகியதால் இவையும் வெளியாளைக் கண்டால் முறைக்கும். 'வீட்டு எருமைதானே' என்று இதனிடமும் போகவேண்டாம்.

லால்பாக் அளவில் ஒரு சோலை

கோத்தகிரியை ஒட்டி லாங்வுட் சோலை என்றொரு சிறு காடு இருக்கிறது. பரப்பு 116 ஹெக்டேர், அதாவது சுமார் 287 ஏக்கர். நம் லால்பாக் 240 ஏக்கர். லால்பாக்கைவிடச் சற்றே பெரிய காடு, அவ்வளவுதான். ஆனால் அதற்குள் ஆமான் வந்து போகிறது. நீலகிரிச் சிரிப்பான் போன்ற, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவைகள் வாழ்கின்றன.

சோலை என்றால் நாம் பூஞ்சோலையை நினைக்கிறோம். மலையில் சோலை என்பது பள்ளத்தாக்கின் மடிப்புகளில் குட்டையான மரங்கள் நெருங்கி, பாசி படிந்து நிற்கும் பழங்காடு. மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சிறிது சிறிதாக ஓடையில் விடுகிறது. லாங்வுட் சோலையின் நீரை நம்பிக் கீழே பல ஊர்கள் இருக்கின்றன. 2024 ஜனவரி இறுதியில் இச்சோலை ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அன்று இந்தியாவில் சேர்ந்தவை ஐந்து. தமிழ்நாட்டில் இது, கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் என இரண்டு; நாம் வாழும் கர்நாடகத்தில் அங்கசமுத்திரம், அகநாசினி, மாகடிக் கெரே என மூன்று. இரு மாநிலத்துக்கும் ஒரே நாளில் கிடைத்த பெருமை.

இது காப்புக்காடு. வனத்துறையின் அனுமதி பெற்று, வழி தெரிந்த உள்ளூர்க்காரருடன்தான் உள்ளே போகவேண்டும். கூடாரம் போட்டு இரவு தங்கும் இடமல்ல. காலையில் இரண்டு மணிநேரம் அமைதியாக நடந்து வந்தாலே போதும், மனம் நிறைந்துவிடும்.

ஆமான் ஊருக்குள் வருவதேன்?

'காட்டு விலங்கு ஊருக்குள் வந்துவிட்டது' என்று செய்தியில் படிக்கிறோம். குன்னூர், கோத்தகிரித் தெருக்களில் ஆமான் நடப்பது இப்போது சாதாரணம். உண்மையில் யார் யார் இடத்துக்கு வந்தார்கள்?

நீலகிரி மேட்டுநிலம் ஆதியில் புல்வெளியும் சோலையும் மாறி மாறி அமைந்தது. புல்வெளி ஆமானின் உணவு. சோலை அதன் நிழல். 19ஆம் நூற்றாண்டிலிருந்து புல்வெளிகளில் தேயிலை வந்தது. விறகுக்கும் தைலத்துக்கும் கற்பூர மரமும் சீகை மரமும் நட்டார்கள். அவற்றின் நிழலில் பழைய புல் வளர்வதில்லை. எஞ்சிய இடத்தில் உருளைக்கிழங்கு, கேரட் தோட்டங்களும் விடுதிகளும் எழுந்தன. ஆமான் தன் பழைய வழியிலேயே நடக்கிறது. வழியில் இப்போது நம் விடுதி இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. முன்பு வெக்கை நோய் என்ற கால்நடைக் கொள்ளைநோய் வீட்டு மாட்டிலிருந்து காட்டுக்குப் பரவும். 1968இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் ஆமான் பெருமளவு மடிந்தது இந்நோயால்தான். தடுப்பூசியினால் அந்நோய் அடங்கி, 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையும் தடுத்தது. அழிவிலிருந்து மீண்ட ஆமானுக்கு, மேயும் இடம்தான் மீளவில்லை.

ரயில் அழித்தது, ரயில் காத்தது

ஒரு ரயில்வேக்காரன் என்ற முறையில் அமெரிக்கப் பைசனின் கதையையும் சொல்லவேண்டும். ஒருகாலத்தில் அங்கே பைசன்கள் கோடிக்கணக்கில் திரிந்தன. 1860களில் சமவெளியில் இருப்புப்பாதை போட்டபோது, வேலையாட்களுக்கு இறைச்சி தர வேட்டைக்காரர்களை அமர்த்தினார்கள். அவர்களில் ஒருவர், 'பஃபலோ பில்' எனப்பட்ட வில்லியம் கோடி, ஒன்றரை ஆண்டில் தாம் மட்டும் 4,280 பைசன்களைச் சுட்டதாகக் கணக்குச் சொன்னார். ரயில் வந்தபின் தோல் வியாபாரம் பெருகியது. ஓடும் வண்டியிலிருந்து பொழுதுபோக்காகச் சுட்டவர்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள், எஞ்சியவை ஆயிரத்தையொட்டி வந்துவிட்டன.

பிறகு 1907 அக்டோபரில், நியூயார்க் விலங்குக் காட்சிசாலையில் வளர்ந்த 15 பைசன்களைப் பெட்டிகளில் அடைத்து ரயிலேற்றி, ஏறத்தாழ ஒரு வாரம் பயணமாக ஓக்லஹோமாவிலுள்ள விசிட்டா மலைக்குக் கொண்டுபோனார்கள். அது ஒரு சிறு சரணாலயம், 240 சதுர கிலோமீட்டருக்குள்தான். இன்று அங்கே சுமார் 650 பைசன்கள் உலவ, மக்கள் முதுகுப்பையுடன் நடந்து பார்க்கிறார்கள். எந்த ரயில் அழித்ததோ, அதே ரயில் மீட்டும் கொடுத்தது. கெடுத்தவன் நினைத்தால் திருத்தவும் முடியும் என்பது எனக்கு இதில் கிடைத்த ஆறுதல்.

நடைக்குரிய விதிகள்

ரயில்வேயில் ஓர் அடிப்படை விதி உண்டு. ஒரு பிளாக் பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். முன்னே போன வண்டி அப்பகுதியைவிட்டு வெளியேறியது உறுதியான பின்னரே அடுத்ததற்கு வழி. மலைப்பாதையிலும் அப்படித்தான். ஆமான் நிற்கும் பகுதிக்கு உங்களுக்கு சிக்னல் இல்லை. அது போனபின் நீங்கள் போகலாம். இதையே விரித்துச் சொல்கிறேன்.

1. தூரம். இரண்டு ரயில் பெட்டி நீளமாவது, அதாவது சுமார் 45 மீட்டராவது, விட்டு நில்லுங்கள். இது என் கணக்கு. இன்னும் விலகினால் இன்னும் நல்லது. படம் சரியாக வரவில்லையென்றால் வரவேண்டாம்.

2. வளைவு. ரயில் பாதையில் பார்வை மறையும் இடத்தில் விசில் பலகை வைப்போம். மலைப்பாதையிலும் வளைவு வரும்போது சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே போங்கள். திடுக்கிட்ட விலங்குதான் முட்டும். கூச்சலும் பாட்டும் வேண்டாம்.

3. அதன் சைகைகள். தலை தூக்கிப் பார்த்தால், உங்களைக் கண்டுவிட்டது. பக்கவாட்டைக் காட்டினால் எச்சரிக்கிறது. தலையைத் தாழ்த்துவது, காலை உதைப்பது, மூச்சைச் சீறுவது எல்லாம் கடைசி எச்சரிக்கை. முதல் சைகையிலேயே பின்வாங்குங்கள்.

4. பின்வாங்கும் முறை. ஓடக்கூடாது, அது நம்மைவிட வேகமானது. பார்வையை விலக்காமல், மெதுவாகப் பின்னால் நடந்து, பெரிய மரம், பாறை, சுவர் ஏதாவது ஒன்றின் மறைவுக்குப் போங்கள். பிள்ளைகளை உங்கள் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

5. தனி ஆண், கன்றுடன் தாய், காயம்பட்டது. இம்மூன்றிடமும் இரட்டிப்புக் கவனம் தேவை. கூட்டத்துக்கும் கன்றுக்கும் நடுவே ஒருபோதும் புகாதீர்கள்.

6. நேரம். ஆமான் பெரும்பாலும் மேய்வது விடியற்காலையும் மாலையும். பனி விலகி வெளிச்சம் வந்தபின் புறப்பட்டு, மாலை நான்கு மணிக்குள் திரும்புங்கள்.

7. நாய் வேண்டாம். நாய் குரைத்து ஆமானைச் சீண்டிவிட்டு, உங்களிடமே ஓடிவரும். பின்னாலேயே ஆமானும் வரும்.

சிவப்புச் சட்டையைக் கண்டால் முட்டும் என்பது வெறும் பேச்சு. மாட்டினத்துக்குச் சிவப்பைப் பிரித்தறியும் கண் இல்லை. அசைவும் வாசனையும்தான் அதற்குத் தெரியும்.

அனுமதியும் பையும்

அனுமதி என்பது வெறும் காகிதமல்ல. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 23 பேர் உயிரிழந்ததை நாம் மறக்கக்கூடாது. அதன்பின் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 40 பாதைகளைக் குறித்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. புதிதாக நடப்பவர்களுக்கு அதுவே நல்ல தொடக்கம்.

பெங்களூரிலிருந்து மைசூர், குண்டல்பேட்டை வழியாகக் காரில் போகிறவர்கள், பந்திப்பூர்க் காட்டுச்சாலை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை மூடப்படுவதை நினைவில் வைக்கவேண்டும். நீலகிரிக்குள் நுழைய 2024 மே முதல் இ-பாஸ் முறையும் வந்தது, புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பையைப் பொறுத்தவரை, என் வயதுக்காரர்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் சுமக்கவேண்டாம். எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர், கடலை மிட்டாய், மழைக்கோட்டு, டார்ச், அட்டைக் கடிக்குக் கொஞ்சம் உப்பு, வழக்கமான மாத்திரைகள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. காலுக்குக் கெட்டியான ஷூ கட்டாயம். செருப்பின் கதையைத்தான் சொல்லிவிட்டேனே! ஏற்றத்தில் அவசரம் கூடாது. நீலகிரி மலை ரயில் 1899 முதல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுகிறது. 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்ற பகுதியில் பல்சக்கரத்தைப் பற்றி மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் போலத்தான் நகர்கிறது. நிதானமாக ஏறியே நூறாண்டைத் தாண்டியிருக்கிறது.

பிள்ளைகளுக்குச் சில கேள்விகள்

பெற்றோர்கள் இவற்றைத் தமிழிலேயே கேட்டு, தமிழிலேயே விடை வாங்கவேண்டும்.

1. ஆமான் எருமையினமா, மாட்டினமா? அதன் பெயரிலேயே விடை எப்படி இருக்கிறது?
2. ஆமானையும் தோடர் எருமையையும் வேறுபடுத்தும் இரண்டு அடையாளங்கள் எவை?
3. ஆமான் பக்கவாட்டைக் காட்டி நின்றால் என்ன பொருள்? நீ என்ன செய்வாய்?
4. சோலை அழிந்தால் கீழே உள்ள ஊரின் கிணறு ஏன் வற்றும்?
5. கன்னடம் பேசும் உன் நண்பனிடம், காடுகோணவும் எருமை அல்ல என்பதை எப்படி விளக்குவாய்?

சென்ற கோடையில் மீண்டும் கோத்தகிரிக்குப் போனோம். மகள் தயங்கித்தான் சம்மதித்தாள். லாங்வுட் சோலைக்கு அனுமதி வாங்கி, உள்ளூர்க்காரர் ஒருவர் முன்னே செல்ல நடந்தோம். சோலையின் விளிம்பில், தொலைவில், கன்றுடன் நான்கு நின்றன. பேரன்தான் முதலில் பார்த்தான். கையை நீட்டி எங்களை நிறுத்தினான்.

"ஆமான், தாத்தா. கன்று இருக்கு. நாம இங்கேயே நிப்போம்" என்றான்.

அரைமணிநேரம் நின்றோம். அவை மேய்ந்து முடித்துக் காட்டுக்குள் போயின. அதன்பிறகே நாங்கள் நடந்தோம்.